'சரி' மட்டும் சொன்ன ஆச்சியும் என் மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பமும்

இரண்டு தடவை விண்ணப்பித்தேன். முதல் தடவை இருபத்திரண்டு கல்லூரிகள், ஒன்றில்கூட நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. இரண்டாவது தடவை ஓர் இடம் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் மருத்துவம் படிக்க நினைக்கும் நம்மூர்ப் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அப்பா அம்மாக்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. இங்கே பன்னிரண்டாவது முடித்து நேராக மருத்துவத்தில் சேருவது அபூர்வம். நான்கு வருடம் ஏதாவது ஒரு பட்டம் படித்து, கூடவே வேதியியல், உயிரியல், இயற்பியல் பாடங்களை முடித்து, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். இப்படித் தயாராகிறவர்களைத்தான் ப்ரீ-மெட் என்கிறார்கள், அது பட்டத்தின் பெயர் இல்லை. அப்புறம் மருத்துவம் நான்கு வருடம், நரம்பியல் வேண்டுமென்றால் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி இன்னும் நான்கு வருடம். பாளையங்கோட்டையிலிருந்து மாமா போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீ டாக்டராகி முடிக்கதுக்குள்ள எனக்கு எம்பது ஆயிருமே" என்றார்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டியே சொல்லாதது: பெரும்பாலான கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களின் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வதே இல்லை. அப்பாவோ அம்மாவோ வேலை விசாவில் இருப்பதால் கிடைக்கும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் 21 வயதானால் அந்த விசாவையும் இழக்கிறார்கள். எனக்கு 21 ஆவதற்கு ஐந்து மாதம் முன்னால் அப்பாவின் கிரீன் கார்டு வந்தது. அதில் என் திறமை எதுவும் இல்லை.

சரி, ஆச்சிக்கு வருகிறேன். நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது எங்களோடு நியூ ஜெர்சியில் இருந்த ஆச்சிக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. புரிந்துகொள்வதில் பெரிய குறை இல்லை, வாயைத் திறந்தால் மட்டும் 'சரி' என்ற ஒரே வார்த்தைதான். தண்ணீர் வேண்டுமா, சரி. கோபம் வந்தாலும், சத்தமாக, சரி. 1861-இல் பாரிஸில் ப்ரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளி 'டான்' என்பதைத் தவிர கிட்டத்தட்ட வேறெதுவும் சொல்ல முடியாமல் இருந்தார் என்று பாடத்தில் படித்துவிட்டு அந்த வாரம்தான் பரீட்சை எழுதியிருந்தேன்.

மருத்துவமனையில் சக்கரம் வைத்த திரையை உருட்டிக்கொண்டு வந்து, அதில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வரவழைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். "வலி இல்லையே, நல்லாத்தானே இருக்கு?" என்று அவர் கேட்டார். ஆச்சி "சரி" என்றார். வலி இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். மறுநாள் சாயங்காலம் அம்மா போர்வையை விலக்கிப் பார்த்தபோது இடது கையில் ஊசி ஏற்றிய இடம் வீங்கிச் சிவந்து கிடந்தது.

அன்று ராத்திரி ஒரு அட்டையில் படங்கள் வரைந்தேன். இட்லி, காப்பி டம்ளர், செருப்பு, கழிப்பறை, போர்வை, காற்றாடி. வலிக்கு ஒரு படம் போதாது என்று பேச்சுப் பயிற்சி தருபவர் சொன்னதால் குத்துது, எரியுது, கடுக்குது, மரத்துப்போச்சு என்று நாலாகப் பிரித்தேன். ஆச்சி அட்டையைப் பார்த்தார், தள்ளிவிட்டார். மறுபடி கொடுத்தேன், மறுபடி தள்ளினார். இடது கையால் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டியதைத் தலைவலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டேன். அம்மா வந்துதான் கண்டுபிடித்தாள், அவருக்கு வேண்டியிருந்தது விபூதி.

இதையெல்லாம் முதல் விண்ணப்பத்தில் நான் எழுதவே இல்லை. அதுதான் தப்பு. அம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் தன்னைப் பற்றிய கட்டுரைக்கு 5,300 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. அதில் நரம்பியல் மேல் உள்ள ஆர்வம் ஒரு பத்தி, சமூக சேவை ஒரு பத்தி, புதுமை படைக்கும் ஆசை ஒரு பத்தி என்று கூறு போட்டு வைத்திருந்தேன். புதுமை என்று நான் சொன்னது அந்த அட்டையை மொபைல் செயலியாக மாற்றியதை. எட்டு மாதம் அதில் போனது. செய்து முடித்துக் கொடுத்தால் வலது கை விளங்காதவர்கள் இடது கையில் போனையும் பிடித்து, அதே கையால் தொடவும் முடியாமல் தவித்தார்கள். லேமினேட் செய்த காகிதத்தைத்தான் திரும்பக் கேட்டார்கள். அதை மறைத்துவிட்டு, செயலி பலருக்குப் பயன்பட்டது என்கிற தொனியில் எழுதிவைத்தேன்.

எம்கேட் மதிப்பெண் 504 என்பதும் ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை. 472-இலிருந்து 528 வரை போகும் அளவில் சேருகிறவர்களின் சராசரி 511, 512 பக்கம் இருக்கிறது. வருடத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள், பாதிக்கும் குறைவானவர்களே சேருகிறார்கள். என்னைக் கவிழ்த்தது 'கார்ஸ்' என்னும் வாசிப்புப் பகுதி, 90 நிமிடத்தில் 53 கேள்வி. அறிவியல் பாடத்தைத் திரும்பத் திரும்ப உருப்போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. தினமும் காலையில் இரண்டு பத்தி வாசித்து, எழுதியவர் என்ன சொல்லவருகிறார் என்று தமிழில் ஒரு வரி எழுதிப் பழகினேன். ஏன் தமிழில் என்றால், ஆங்கிலத்தில் எழுதினால் அவருடைய வார்த்தைகளையே திருப்பிப் போட்டு ஏமாற்றிக்கொள்ளலாம். இரண்டாம் தடவை 513.

நிராகரித்த கல்லூரிகளில் சில, கேட்டால் காரணம் சொல்லும். கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு இடத்தில் இருபது நிமிடம் போனில் பேசினார்கள். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "படம் போட்ட அட்டை என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் எத்தனை படம், எது வேலை செய்யவில்லை?" நான் விபூதிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, இது ஏன் கட்டுரையில் இல்லை என்றார்.

அடுத்த வருடம் ஒரு நரம்பியல் கிளினிக்கில் மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் ஸ்க்ரைப் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும் கட்டடத்தில் தாத்தா பாட்டிகளோடு உட்கார்ந்து அட்டையைத் திருத்துவது. வேறொன்றும் புதிதாகச் சேர்க்கவில்லை. விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகள் வரை போடலாம், நான் ஒன்பதோடு நிறுத்திவிட்டேன். வாசல் திறந்ததும், ஜூன் முதல் வாரமே அனுப்பினேன், ஏனென்றால் இடங்கள் வரிசையாக நிரம்பிக்கொண்டே போகும், கடைசித் தேதிக்காகக் காத்திருப்பது வீண். ஜூலையில் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கேள்விகள் அனுப்பும், பெரும்பாலும் தனிக் கட்டணத்தோடு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி.யின் கட்டண உதவித் திட்டம் இருக்கிறது, எம்கேட்டுக்குப் பதிவு செய்யுமுன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

நேர்முகத்தில் ஒரு நரம்பியல் பேராசிரியர், ஒரு நோயாளியைப் பற்றிய மதிப்பீடு சரியா தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வாய் என்று கேட்டார். ஆச்சியைத்தான் சொன்னேன். பக்கவாதத்தை அளக்க இங்கே பயன்படுத்தும் அளவுகோலில் ஒரு படத்தாள் உண்டு: சாவி, நாற்காலி, கையுறை, இறகு, கள்ளி, மரங்களுக்கு நடுவே கட்டும் வலைத்தொங்கல். மூன்று மாதம் கழித்து, கொஞ்சம் பேச்சு திரும்பியிருந்த நேரத்தில் ஆச்சியிடம் அதைக் காட்டினார்கள். சாவி சொன்னார். கள்ளியைப் பளிச்சென்று சொன்னார். கையுறைக்கு அமைதி, வாழ்நாளில் போட்டதில்லை. கடைசிப் படத்துக்கு "தொட்டில்" என்றார். போனில் இருந்த மொழிபெயர்ப்பாளருக்குப் படம் தெரியாது, குழந்தையைப் போடும் தொட்டில் என்றே மொழிபெயர்த்தார். தப்பு என்று குறித்தார்கள். பேராசிரியர் தொட்டில் எப்படி இருக்கும் என்று கேட்டார். உத்தரத்தில் சேலையைக் கட்டி இப்படித் தொங்கும் என்று பேனாவால் வரைந்து காட்டினேன், மிச்ச நேரம் அதிலேயே போய்விட்டது. பிப்ரவரியில் கடிதம் வந்தது.

ஆகஸ்டில் வகுப்பு. அதற்குள் கிளினிக்கில் கூட வேலை பார்த்த நண்பன் கேட்ட மலையாள அட்டையை முடித்துக் கொடுக்க வேண்டும். கஞ்சி வரைந்துவிட்டேன், புட்டுக்குழல்தான் இன்னும் குக்கர் மாதிரியே வருகிறது.