கண்ணாடி வளையலும் தங்க ரேக்கும்

காட்பாடியிலுள்ள அத்தை வீட்டு வெண்ணெய்க் கிருஷ்ணன் தஞ்சாவூர் ஓவியத்தைப் பளபளப்பு விழாமல் படமெடுக்கும் வேலை, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் பாதியில்தான் நிற்கிறது. சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி, இரு எல்.இ.டி. விளக்குகளையும் 45 பாகையில் நிறுத்தியும் பயனில்லை. மக்குப் பசை வைத்து மேடாக்கிய இடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சரிந்திருப்பதால், விளக்கை எங்கே நகர்த்தினாலும் ஏதோ ஒரு மேடு லென்சைப் பார்த்து மின்னியது.

ஆகவே, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலரைசர் தாளை விளக்குகளுக்கும், அதே வேலையைச் செய்யும், திருப்பக்கூடிய சி.பி.எல். வடிகட்டியை லென்சுக்கும் மாட்டினேன். தாளை மிச்சம்பிடிக்க நினைத்து ஒரு துண்டைக் குறுக்காக வெட்டியதுதான் வினை. வலது விளக்கின் பளபளப்பு அணையும்போது இடது விளக்கினுடையது முழு வீச்சில் எழுந்தது. திருப்பினால் இது அணைந்து அது எழுந்தது. பிற வெளிச்சத்தை மறைக்கக் கட்டிய கருப்புத் துணி அசையக்கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேலூர் வெயிலில் ஒரு மாலை முழுவதும் வடிகட்டியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு இரு துண்டுகளையும் மாட்டியிருந்த வாக்கிலேயே எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தபோது அவை கரிய தகடாகிவிட்டன, இரண்டின் திசையும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்த தவறு புரிந்தது. தாளை அனுப்பிய கடைக்காரர் அதை இறுக்கிச் சுருட்டியிருந்ததால் விழுந்த மடிப்புத் தடம் இன்னும் போகவில்லை.

இப்போது லாங்கு பஜாரில் வாங்கிய கருப்புக் கண்ணாடி வளையல் ஒன்றைச் சட்டத்தின் ஓரத்தில் தொங்கவிட்டு, கேமராத் திரையில் அதைப் பெரிதாக்கி, வளைவில் விளக்குகளின் பிரதிபலிப்பாகத் தெரியும் இரண்டு வெள்ளைப் புள்ளிகளும் ஒருசேர மறையும்வரை சி.பி.எல்லைத் திருப்புகிறேன். ஓவியத்தையே பார்த்துத் திருப்புவதைவிட இது பலமடங்கு துல்லியமானது. வெளிச்சம் ஏறத்தாழ மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைவதால், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 அமைப்பில் 1/15 நொடி போதுமாயிருந்த இடத்தில் அரை நொடி தேவைப்பட்டது.

கிருஷ்ணனின் நீல மேனியும் பட்டுக்கரையின் மெல்லிய கோடுகளும் நான் நேரில்கூடக் கண்டிராத தெளிவோடு வந்தன. தங்க ரேக்கு மட்டும் கறுத்துவிட்டது. நிறப்பூச்சுக்குள் புகுந்து சிதறிவரும் ஒளி தன் திசையொழுங்கை இழப்பதால் வடிகட்டியைக் கடக்கிறது. உலோகத்தில் பட்டு நேராகத் திரும்பும் ஒளியோ அந்த ஒழுங்கோடு வந்து அங்கேயே அடைபடுகிறது. படத்தைப் பார்த்த அத்தை, “என்னப்பா, தங்கத்தையெல்லாம் பழைய பித்தளை ஆக்கிட்டியே?” என்றார். சி.பி.எல்லை 20 பாகை பின்னுக்குத் திருப்பியதில் தங்கம் கொஞ்சம் மீண்டது, மேடுகளின் மினுக்கும் கூடவே வந்தது.

அடுத்த முறை கேமராவை அசைக்காமல், தாள்களைக் கழற்றி, விளக்குகளின் முன் வெள்ளை வேட்டியை அகலமாக விரித்து, தங்கத்துக்கென்றே இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் கணினியில் இணைக்கப்போகிறேன். கோகுலாஷ்டமிக்கு முன் ஓவியம் பூஜையறைக்குத் திரும்பியாக வேண்டும் என்பது அத்தையின் கட்டளை.