ராக் மாற்றியும் போகாத இறுக்கம்

"ஸ்டீரிங் சரியில்லை, பாருங்க" என்று சாவியை நீட்டுபவரிடம் நான் முதலில் வண்டியைக் கேட்பதில்லை, பேச்சைத்தான் கேட்கிறேன். இறுக்கமா, ஆட்டமா, ஒரு பக்கம் இழுக்கிறதா, வேகத்தில் நடுங்குகிறதா? நான்கும் நான்கு வேறு வேலை. நடுங்கினால் பெரும்பாலும் வீல் பேலன்ஸ். இழுத்தால் டயர் காற்று, அலைன்மென்ட், அல்லது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக். ஆட்டம் என்றால் முன் சக்கரத்தைத் தூக்கி, பக்கவாட்டில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டு, அதாவது சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை, போயிருப்பது தெரிந்துவிடும்; மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டையோ வீல் பேரிங்கையோ சந்தேகப்படலாம். இறுக்கம்தான் தலைவலி. அது டயரில் இருக்கலாம், முன் சக்கரத்துக்கு மேலே குலுக்கலைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கில் இருக்கலாம், ஸ்டீரிங் சுற்றுவதைப் பக்கவாட்டுத் தள்ளலாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டான ராக்கில் இருக்கலாம். கையில் தெரிவது என்னவோ ஒரே இறுக்கம்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாம்பரம் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் எல்லோருக்கும் கை நிறைய வேலை இருந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வண்டிகள் தண்ணீரில் நின்றவை. இன்ஜின் ஆயில், கியர் ஆயில் மாற்றினார்கள், சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டார்கள், ஸ்டார்ட்டரைப் பிரித்தார்கள். வண்டி ஓடிவிட்டால் சரி என்று எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் புகுந்த மற்ற இடங்களெல்லாம் மெதுவாகத்தான் கணக்கைக் காட்டின. வீல் பேரிங் சத்தம், ஹேண்ட் பிரேக் கேபிள் பிடிப்பது, அப்புறம் ஸ்டீரிங்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் பழைய மாருதி 800 அப்படித்தான் வந்தது. வெள்ளம் வடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ராக்கையே மாற்றியிருந்தார்கள். இறுக்கம் போகவில்லை. இன்னோர் இடத்தில் டயர்தான் காரணம் என்றார்கள். முன் டயர் இரண்டும் புதிது. அதற்கும் போகவில்லை.

"முழுக்க டைட்டா இருக்கா சார், இல்ல விட்டு விட்டா?"

"விட்டு விட்டுத்தான் தம்பி. ஒரு இடத்துல பிடிக்கும், கொஞ்சம் திருப்பினா லேசாயிடும், மறுபடி பிடிக்கும். வளைவு முடிஞ்சா தானா நேராக மாட்டேங்குது, நான்தான் திருப்பிக் கொண்டு வரணும்."

வாத்தியார் அல்லவா, பிசிறில்லாமல் சொல்லிவிட்டார். இதை முதல் ஒர்க்‌ஷாப்பில் யாரும் கேட்கவே இல்லை என்றும் சொன்னார்.

இருந்தாலும் சொல்லை நம்பிப் பொருள் வாங்கக் கூடாது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். சக்கரம் தரையில் இல்லாதபோதும் ஸ்டீரிங் பிடித்தால் டயர் மேல் பழி இல்லை. பிடித்தது. அடுத்து இரண்டு பக்கமும் காட்டர் பின்னை எடுத்து, நட்டைத் தளர்த்தி, டை ராட் எண்டைப் பிரித்துவிட்டோம். சக்கரங்களைக் கையால் இடமும் வலமும் தள்ளினால் வெண்ணெயாகத் திரும்பின. ஆக, ஸ்ட்ரட் பேரிங்கும் பால் ஜாயிண்டும் நல்லவை. சக்கரத்தின் தொடர்பே இல்லாமல் இப்போது ஸ்டீரிங்கைத் திருப்பினால் அப்போதும் அதே பிடிப்பு. மிச்சம் இருந்தது ராக், ஸ்டீரிங் வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டான ஸ்டீரிங் காலம், இரண்டையும் சேர்க்கும் சிலுவை ஜாயிண்ட்.

பையனை உள்ளே உட்கார வைத்து மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திருப்பச் சொன்னேன். பிடிக்கும் இடத்தில் ஸ்டீரிங் வீலில் சாக்பீஸால் கோடு போட்டான். இரண்டு கோடு, கிட்டத்தட்ட எதிரெதிரே. அடுத்த சுற்றிலும் அதே இடங்கள். இந்தக் கணக்கு ராக்குக்குப் பொருந்தாது. ராக் தேய்ந்தால் பெரும்பாலும் நடுப்பகுதிதான் தேயும். அங்குள்ள ஆட்டத்தைப் போக்க அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை முறுக்கினால் இரண்டு ஓரத்திலும் இறுகும். சுற்றுக்கு இரண்டு முறை பிடிப்பது, இரண்டு அச்சில் மடங்கும் அந்தச் சிலுவை ஜாயிண்டின் குணம். வளைந்த நிலையில் சுழலும்போது அதன் ஓர் அச்சு துருப்பிடித்திருந்தால் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு தடவை தடுக்கும்.

போல்ட்டைக் கழற்றி ஜாயிண்டை வெளியே எடுத்தோம். ஒரு திசையில் மடங்கியது. மற்றத் திசையில் வைஸில் பிடித்துத்தான் அசைக்க முடிந்தது. உள்ளே ஊசி பேரிங்கில் கிரீஸ் என்று ஒன்று இல்லை, செம்மண் நிறத்தில் துருப்பொடி. வெள்ளத்தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கீழேதான் அது இருந்தது. பழைய ராக் இருந்ததா என்று கேட்டேன்; அந்த ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டாராம். நல்ல ராக்காகத்தான் இருந்திருக்கும்.

கண்ணாடி, கதவுக் கைப்பிடி, ஏன், கியர் பாக்ஸ்கூட புதுப்பேட்டையில் பழசு வாங்கிப் போட்டிருக்கிறேன். ஸ்டீரிங் ஜாயிண்டுக்கு மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. ஜி.பி. ரோட்டில் புதிது வாங்கி வரச் சொன்னேன். கழற்றும்போதே ஷாஃப்டிலும் ஜாயிண்டிலும் நேர்க்கோடு போட்டு வைத்திருந்தோம், இல்லாவிட்டால் சக்கரம் நேராக நிற்கும்போது ஸ்டீரிங் வீல் கோணலாக நிற்கும். போல்ட் ஷாஃப்டின் பள்ளத்துக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். இதைப் பையன்களிடம் விடுவதில்லை. பள்ளத்தில் உட்காராத போல்ட் அன்றைக்குப் பிடித்துக்கொள்ளும், வேறு ஒரு நாள் நழுவும்.

பில்தான் இதில் சிரமமான பகுதி. ஜாயிண்ட் விலை, ராக்குக்குப் பக்கத்திலேயே வராது. மாட்டும் வேலையும் பெரிதில்லை. நேரமெல்லாம் போனது தேடலில். ராக் மாற்றினால் பெரிய பெட்டி வரும், பழைய பொருளைக் காட்டலாம், லேபர் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சுண்டு விரல் நீளச் சாமானைக் காட்டி அரை நாள் கூலி கேட்டால் "இதுக்கா?" என்பார்கள். கழற்றி மாட்டுகிற ஒர்க்‌ஷாப்கள் பெருகியதற்கு மெக்கானிக்கின் சோம்பல் மட்டும் காரணமில்லை. தேடுவதற்கு யாரும் காசு தருவதில்லை என்றால் தேடுகிறவன் எத்தனை நாள் தேடுவான்?

இந்த ஆசிரியர் பில்லைப் பார்த்துவிட்டு, "செக்கிங்னு எழுதியிருக்கீங்களே, அது எதுக்கு?" என்றார். சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்தது. காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார், பத்து சதவீதம் குறைத்துத்தான். பரவாயில்லை.

இப்போதெல்லாம் ஸ்டீரிங் வேலை என்றால் செக்கிங் கூலியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோளாறை என்னிடம் தெரிந்துகொண்டு, பொருளை வேறு இடத்தில் மலிவாக மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. செக்கிங் காசைக் கொடுத்துவிட்டுப் போனால் எனக்கு அதில் வருத்தமில்லை.