ஹைபிரிட் காரில் காலிப்பர் மாற்றி ஏர் எடுத்த அனுபவம்

முன்பக்கம் ஒரு சக்கரம் மட்டும் சூடாகிக்கொண்டே இருந்தது. மைலேஜும் இறங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்பக்க பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) தகடு வரை தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்க பேட் பாதிகூடத் தேயவில்லை. பேட்களை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிட்டது. ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்துவிடுவதால் பேட் நிறைய நாள் உழைக்கும். ஆனால் பிஸ்டனும், காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னும் அதிகம் அசையாமல் கிடப்பதால் சீக்கிரம் இறுகிவிடவும் வாய்ப்பு உண்டு.

காலிப்பரை மாற்றுவது எல்லா வண்டியையும் போலத்தான். பயப்பட வேண்டிய இடம் வேறு. என் வண்டியில் டிரைவர் கதவைத் திறந்தாலே கம்ப்யூட்டர் விழித்து, பம்ப் ஓடி, பிரேக் லைனில் அழுத்தம் ஏற்றிவிடும். அந்த நேரம் பிஸ்டன் பக்கத்தில் விரல் இருந்தால் நசுங்கும். ஓஸ் கழன்றிருந்தால் பிரேக் ஆயில் பீய்ச்சி அடிக்கும். அதனால் சர்வீஸ் மேனுவலில் உள்ள வரிசைப்படி 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அதில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகுதான் ஸ்பேனரையே எடுத்தேன். சாவியையும் தூர வைத்துவிட்டேன். இந்த விஷயத்தில் யாரும் அவசரப்படாதீர்கள்.

புதுக் காலிப்பரைப் பூட்டும்போது ஓஸ் போல்ட்டின் இரண்டு பக்கமும் புது வாஷர்தான் போட வேண்டும். நசுங்கிய பழைய வாஷர் கசியும். காற்றை வெளியேற்றத் திறக்கும் ஏர் நிப்பிள் மேல்பக்கம் நிற்கிறதா என்றும் பாருங்கள். கீழே இருந்தால் அது எதிர்ப்பக்கக் காலிப்பர். எவ்வளவு ஆயில் விட்டாலும் மேலே தங்கிய காற்று வெளியே வராது.

அப்புறம் ஏர் எடுப்பது, அதாவது பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பேட்டரியை மறுபடி மாட்டி, வோல்ட் இறங்காமல் இருக்க சார்ஜரையும் கொடுத்து, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் பிளீடிங் (ஏர் எடுக்கும்) மோடுக்குப் போனேன். திரையில் சொல்லச் சொல்ல ஒருவர் பெடலை மிதிக்க, நான் நிப்பிளைத் திறந்து மூடினேன். முதலில் பழுப்பு ஆயிலோடு குமிழ்கள், பிறகு பொடிக் குமிழ்கள், கடைசியில் கண்ணாடிக் குழாயில் தெளிந்த ஆயில் மட்டும். இடையிடையே பிரேக் ஆயில் டேங்கில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அது வற்றினால் காற்று பம்ப் யூனிட்டுக்குள் போய்விடும். அங்கிருந்து எடுப்பது பெரும் பாடு. பெயிண்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், பிரேக் ஆயில் பெயிண்ட்டை அரித்துவிடும்.

பெடல் கல் மாதிரி நின்றது. ஓட்டிப் பார்த்து வந்தபோது இரண்டு பக்கமும் ஒரே சூடு, நிப்பிளில் ஈரம் இல்லை, டேஷ்போர்டிலும் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.