தரைத்தளத்துக்காரர் ஏன் மின்தூக்கிக்குப் பணம் கட்டுகிறார்?

கோலாலம்பூரில் செந்தூல், கெப்போங் பக்கம் அடுக்குமாடிக் கொண்டோ நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது: "தம்பி, நான் இருக்கிறது தரைத்தளம். மின்தூக்கியில ஏறுறதே இல்ல. நான் ஏன் கட்டணும்?" கேட்பார்கள், கேட்டுவிட்டு முழுத்தொகையையும் கட்டி ரசீது வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

கணக்குப் பார்த்தால் கட்டாமல் இருப்பதே லாபம். கட்டணத்தைக் கணக்கிட வீட்டுக்கு வீடு ஒதுக்கியிருக்கும் பங்கு அலகு 100, அலகுக்கு 2.50 ரிங்கிட் என்று வையுங்கள். பராமரிப்பு 250, அதற்கு மேல் பெரிய பழுதுகளுக்கான சேமநிதி 10 விழுக்காடு, அதாவது 25; மாதம் 275 ரிங்கிட். ஒரு வீடு நிறுத்திவிட்டால் காவலாளி வேலைக்கு வராமல் போவதில்லை, குப்பையும் தேங்குவதில்லை. சட்டமும் மெதுவாகத்தான் வரும். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி முதலில் படிவம் 11 என்ற பாக்கி கேட்கும் நோட்டீஸை அனுப்பி 14 நாள் அவகாசம் தரவேண்டும். பிறகுதான் நடுவர் மன்றம். தாமத வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கிரெடிட் கார்டு வட்டியைவிட மலிவு! கட்டடத்துக்குள் நுழையும் ஆக்சஸ் கார்டை முடக்கலாம், ஆனால் திரும்ப இயக்க 50 ரிங்கிட்டுக்கு மேல் வாங்க முடியாது. பயம் ஒன்றுதான் காரணம் என்றால் வசூல் எப்போதோ படுத்திருக்கும்.

ரசீதை மடித்துக்கொண்டே அந்தத் தரைத்தளத்துக்காரர் கேட்கும் அடுத்த கேள்வியைக் கவனியுங்கள்: "அந்தப் பதினோராம் மாடிக்காரர் கட்டிட்டாரா?"

தனக்கு நஷ்டம் என்பது அவருக்குப் பெரிதில்லை, தான் மட்டும் ஏமாளி என்பதுதான் பெரிது. பொருளியலாளர்கள் ஃபேர், கெக்டர் 2000இல் வெளியிட்ட சோதனையிலும் இதைப் பார்க்கலாம். பொதுப்பணத்தில் பங்கு போடாதவர்களைத் தண்டிக்க, மற்றவர்கள் சொந்தக் காசையே செலவழித்தார்கள்.

அதனால் மின்தூக்கிப் பக்கத்துப் பலகையில் ஒட்டும் பாக்கிப் பட்டியலை அலட்சியமாகத் தயாரிக்கக்கூடாது. வீட்டு எண், தொகை எல்லாம் மாதாமாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். பணம் கட்டியவரின் பெயர் பழைய பட்டியலில் கிடந்தால், அவமானப்பட்டவர் அடுத்த மாதம் வேண்டுமென்றே இழுத்தடிப்பார்.

இதைவிட மோசம், நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவருக்கு வட்டியைச் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்வது. இரண்டே வாரத்தில் செய்தி எல்லா மாடிக்கும் ஏறிவிடும். அதுவரை ஒழுங்காகக் கட்டியவர்கள்தான் முதலில் நிறுத்துவார்கள். வேலை இழந்தவருக்குத் தவணை கொடுத்தால் யாரும் முணுமுணுப்பதில்லை. அதே நிபந்தனை எல்லாருக்கும் உண்டு என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருந்தால் போதும். வெல்ஃபயர் சொகுசு வண்டியில் வந்து இறங்கும் பாக்கிக்காரரைப் பார்த்துத்தான் வயிறு எரியும்.

ஆண்டுக் கூட்டத்துக்கு ஏழாம் நாள் முன்பு பாக்கி இருந்தால் வாக்கு கிடையாது. அடுத்த ஆண்டுக் கட்டணம் விவாதத்துக்கு வருகிறது என்றால், வருடம் முழுக்கத் தலைகாட்டாதவர்கூட அந்த வாரம் காசோலையோடு வருவார். கவுண்டரில் இன்னோர் ஆளைப் போட்டுவைப்பது நல்லது.