ஐபி மாற்றும் ஸ்கிரிப்ட்டை எஸ்எஸ்ஹெச் வழியாக அனுப்பாதீர்கள்

விஎம்களில் (மெய்நிகர் கணினிகளில்) ஐபி முகவரி மாற்ற எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாகத் தொலைவிலிருந்து உள்நுழையும் முறை) வழியே போனால், உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிற கதைதான். முகவரி மாறிய நொடியில் இணைப்பு போய்விடும். ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கலாம். விஎம்வேரில் பவர்சிஎல்ஐ என்ற பவர்ஷெல் கருவியில் இன்வோக்-விஎம்ஸ்கிரிப்ட் என்ற கட்டளை இருக்கிறது. அது விஎம்முக்குள் நிறுவியிருக்கும் விஎம்வேர் டூல்ஸ் வழியாக உள்ளே போவதால் விஎம்முக்கு நெட்வொர்க்கே தேவையில்லை. டூல்ஸ் ஓட வேண்டும், உள்ளிருக்கும் ஓஎஸ்ஸின் யூசர்நேம், பாஸ்வேர்டு வேண்டும். அவ்வளவுதான்.

உபுண்டு என்றால் நெட்வொர்க் அமைப்பு இருக்கும் பழைய நெட்பிளான் ஃபைலை முதலில் நகலெடுங்கள். அந்த நகலை அதே ஃபோல்டரில் யாமல் என்ற பின்னொட்டோடு வைத்தால் நெட்பிளான் அதையும் படித்துத் தொலைக்கும்! 'நெட்பிளான் ட்ரை' 120 நொடி காத்திருந்து, என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் பழையதற்குத் திரும்பும், அருமையான வசதி. ஆனால் ஸ்கிரிப்ட்டுக்குள் என்டர் தட்ட ஆள் ஏது? அதனால் 'ஜெனரேட்' கொடுத்துப் பிழை பாருங்கள், பிறகு 'அப்ளை', பிறகு கேட்வேக்குப் பிங். பதில் வராவிட்டால் நகலைத் திரும்பப் போட்டு மறுபடி அப்ளை. பிங், நகல், மறு அப்ளை என்ற இந்த மூன்று வரியை விட்டவர்கள் கன்சோலில்தான் பொழுதைக் கழிப்பார்கள்.

யாமலில் டேப் கூடாது, ஸ்பேஸ் மட்டும். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட்டின் வரிமுடிவு லினக்ஸின் பேஷ் ஷெல்லுக்கு ஒத்துவராது, மாற்றி அனுப்புங்கள். பவர்ஷெல்லில் இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி வந்தால் அங்கேயே விரிந்துவிடும். ஒற்றை மேற்கோள் போடுங்கள்.

ரீபூட் செய்ததும் பழைய ஐபி வந்தால் பூட் ஆகும்போது அமைப்புகளை எழுதும் கிளவுட்-இனிட்டைச் சந்தேகியுங்கள். குளோன் செய்த இரண்டு விஎம்களுக்கு ஐபியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி ஒரே ஐபி கொடுத்தால், மேக் முகவரி வேறாக இருந்தாலும், ஓஎஸ்ஸின் அடையாளமான மெஷின்-ஐடி ஒன்றாக இருக்கும். அந்த மெஷின்-ஐடி ஃபைலை அழிக்காமல் காலியாக்கி ரீபூட் செய்தால் போதும்.