ஹார்ட் டிஸ்க் போனால் முதலில் காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்

விண்டோஸ் லோகோவிலேயே நின்றுவிடும் டெஸ்க்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோனால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஓஎஸ் கரப்ட் சார், ஃபார்மேட் போட்டுடலாம்." எனக்கும் அதே பதில்தான் வந்தது. உண்மையில் போய்க்கொண்டிருந்தது ஹார்ட் டிஸ்க். அதோடு விடாமல், கேட்காமலேயே விண்டோஸின் செக்டிஸ்க்கை, கெட்ட இடங்களைத் தேடும் ஸ்லாஷ் ஆர் (/r) போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டிருந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தும் கருவி. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை. பதிவுகள் சிதைந்திருந்தால் அந்த ஃபைலை வெட்டிவிடும், அல்லது பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் கொண்டுபோய்க் கொட்டும். போதாக்குறைக்கு, படுத்துக்கொண்டிருக்கும் டிஸ்கை முழுக்கப் படிக்கவும் வைக்கும். கடையில் விடும்போதே "டிஸ்கில் எதையும் எழுதக் கூடாது" என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்கின் நிலைமையை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறியீடு இருக்கும். 05 என்பது மாற்று இடத்துக்கு அனுப்பப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சிறு துண்டுகள்), சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 சரிசெய்ய முடியாதவை. சி5 நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வரிகளில் வரும் எண்ணிக்கைகள் முதலில் ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) தெரியும், 10 என்று இருந்தால் 16 என்று படியுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் எந்த மென்பொருளும் வேண்டாம். உடனே ஆஃப் செய்து டேட்டா ரெகவரி லேபுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

மாற்று டிஸ்க் வாங்க சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனதில் ஒரு நாள் வீண். 1 டிபி ஹார்ட் டிஸ்குக்கு 960 ஜிபி எஸ்எஸ்டியைக் கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒன்றில்லை. செக்டர் செக்டராகக் காப்பி எடுக்கும்போது புது டிஸ்க் பழையதன் அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் டிஸ்கின் கடைசியில் இருக்கும் பார்ட்டிஷன் டேபிளின் மறுபிரதி உட்பட வால்பகுதி முழுவதும் விடுபட்டுப்போகும்.

காப்பிக்கு லினக்ஸில் பூட் ஆகும் பென்டிரைவும், கெட்ட டிஸ்கிலிருந்து படிக்க முடிந்ததை எடுக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ நிரலும் போதும். உபுண்டுவில் பேக்கேஜ் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. பழைய டிஸ்கை யுஎஸ்பி அடாப்டரில் போடாமல் நேராக மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள். எது பழையது, எது புதியது என்று சீரியல் நம்பரை வைத்து உறுதிசெய்த பிறகுதான் என்டர் தட்ட வேண்டும். இடம் மாறினால் எல்லாம் போச்சு. முதல் சுற்றில் கட்டளையோடு மைனஸ் என் (-n) கொடுத்தால் சுலபமாகப் படிக்க முடிந்தவை முதலில் வந்துவிடும். அடுத்த சுற்றில் மைனஸ் டி (-d), மைனஸ் ஆர் 3 (-r3), அதாவது கெட்ட இடங்களை மூன்று முறை மறுபடி முயலும். எது படித்தாயிற்று, எது விடுபட்டது என்று குறிக்கும் மேப் ஃபைலை மூன்றாவது ஒரு டிரைவில் வையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

காப்பி முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டுத்தான் பூட் செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் குழம்பும்.

அப்போதும் நீலத் திரை, "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்". இங்கேதான் பலர் காப்பி சரியில்லை என்று நினைத்து ஃபார்மேட் போட்டுவிடுகிறார்கள். மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைத் திறந்தால் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. கடையில் அந்த அமைப்புகளைத் தக்கவைக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், டிஸ்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்குத் திரும்பிவிட்டது. பழையபடி ரெய்டுக்கு மாற்றியதும் விண்டோஸ் திறந்துகொண்டது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட மெஷின் என்றால் இந்தக் கட்டத்தில் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலிருந்து எடுத்து வையுங்கள்.

திறந்த பிறகும் அவ்வப்போது உறைந்து நின்றது. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 129, அதாவது டிஸ்க் பதில் சொல்லாததால் ரீசெட். புது டிஸ்கிலேயே சி7, அதாவது கேபிள் வழியே டேட்டா போகும்போது வரும் பிழைகளின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டிருந்தது. சி7 மட்டும் ஏறி 05, சி5 பூஜ்ஜியமாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சாட்டா கேபிளைத்தான். கேபிளை மாற்றியதும் ஏறுவது நின்றது. ஏற்கெனவே ஏறிய எண் இறங்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

படிக்க முடியாமல் போன செக்டர்களில் விண்டோஸ் ஃபைல்களும் இருக்கலாம். அவற்றைச் சரிசெய்ய விண்டோஸிலேயே இரண்டு கட்டளைகள்: முதலில் டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த், அதற்கப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். வரிசையை மாற்றினால், எஸ்எஃப்சி சில ஃபைல்களைச் சரிசெய்ய முடியவில்லை என்று நின்றுவிடலாம். செக்டிஸ்க் வேண்டுமென்றால் இப்போது, இந்தப் புது டிஸ்கில் ஓட்டலாம்.

உங்கள் போட்டோக்களையும் எக்செல் ஷீட்களையும் எஸ்எஃப்சி தொடாது. பெயரும் அளவும் சரியாக இருக்கும், நடுவில் ஓட்டை இருக்கும். இதைக் கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூவிலேயே ஃபில் மோடு இருக்கிறது. ரிப்பேர் எதுவும் தொடங்கும் முன் தனியாக இன்னொரு பிரதி எடுத்து, மேப் ஃபைலின்படி விடுபட்ட இடங்களில் மட்டும் ஒரு விநோதமான சொல்லை நிரப்புங்கள். பிறகு எல்லா ஃபைல்களுக்குள்ளும் அந்தச் சொல்லைத் தேடினால் ஓட்டை விழுந்தவை பட்டியலாகவே வந்துவிடும். பேக்கப்பிலிருந்து அவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

இந்தப் பட்டியல் கைக்கு வரும்வரை பழைய டிஸ்கை வாரண்டிக்குக் கொடுக்காதீர்கள். மாற்று டிஸ்க் வரும், கொடுத்த டிஸ்க் பொதுவாகத் திரும்பி வராது.