கழிவு போக மிச்சம்

ஞாயிற்றுக்கிழமை ஜெனீவாவில் கடைகள் மூடிக் கிடக்கும். வந்த புதிதில் அது தெரியாமல், அரிசி தீர்ந்துபோன ஒரு ஞாயிறு வெறும் ரொட்டியிலேயே ஓடியது. இப்போது அந்த நாள் கடலூருக்குப் போன் பேசும் நாள். அப்பா எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்: "கெடைச்சுதாம்மா?"

அவர் கேட்பது சூப்பர்சிமெட்ரித் துகளை. தெரிந்த ஒவ்வொரு அடிப்படைத் துகளுக்கும் இன்னும் கண்ணில் படாத ஒரு ஜோடி உண்டு என்கிறது சூப்பர்சிமெட்ரிக் கொள்கை. 2012இல் ஹிக்ஸ் என்ற துகள் கிடைத்தபோது நான் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியில் மாணவி. ஹிக்ஸின் நிறை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு இந்த ஜோடிகள் விடை சொல்லக்கூடும் என்று படித்த நாளிலிருந்து அதை விட முடியவில்லை. இன்று ஜெனீவா அருகே செர்ன் என்ற துகள் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்கள் மோதிச் சிதறும் தரவுகளில் அதைத்தான் தேடுகிறேன்.

முதல் குளிர்காலம் கஷ்டம்தான். ஜெனீவா வாடகை கட்டுப்படியாகாமல் எல்லைக்கு அந்தப்பக்கம், பிரான்ஸில் வீடு. ஐந்து மணிக்கே இருட்டிவிடும். செர்ன் வளாகத்தில் இந்தியா 2004இல் கொடுத்த நடராஜர் சிலை இருக்கிறது என்றேன். "நம்ம சிதம்பரத்தாரே அங்க இருக்கார், அப்புறம் என்ன?" என்றார் அம்மா. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்பா முதுநகர் மண்டியில் கணக்கு எழுதியவர். அவருக்குக் கணக்காகவே சொன்னேன். புரோட்டான்கள் நேருக்கு நேர் வருவதால், மோதலுக்கு முன் பக்கவாட்டு உந்தம், அதாவது பக்கவாட்டில் தள்ளும் வேகம், கிடையாது. அதனால் சிதறியவற்றின் பக்கவாட்டு உந்தத்தைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால், ஏதோ கருவியில் படாமல் நழுவியிருக்கிறது.

"அதான் நீ தேடுற ஆளா?"

"அவசரப்படாதீங்கப்பா. நியூட்ரினோன்னு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு துகளும் அப்படித்தான் நழுவும்."

மோதலில் உண்டாகும் இசட் போசான் என்ற துகள் ஐந்தில் ஒரு முறை இரண்டு நியூட்ரினோக்களாகச் சிதைந்து மறைந்துவிடும். அதுவே சில சமயம் எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான இரண்டு மியூவான்களாகச் சிதையும். மியூவான்கள் கருவியில் தடம் விடும். அவற்றை எண்ணி, நியூட்ரினோவாகப் போனது எவ்வளவு என்று மதிப்பிடுகிறோம்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "தெரிஞ்ச கழிவெல்லாம் கழிச்சப்புறமும் துண்டு விழுந்தாத்தான் பேசணும்."

அதேதான். இத்தனை வருஷம் படித்து நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இதுவரை துண்டு விழவில்லை. வீண் வேலை என்று சிலர் சொல்லும்போது எனக்கு வலிக்கும். எங்கே இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் அதே உழைப்பு வேண்டும்.

போன ஞாயிறு அப்பா கேள்வியை மாற்றினார்: "எதுவரைக்கும் பாத்து முடிச்சிருக்கீங்க?"

எளிய மாதிரிகளில், நான் தேடும் ஜோடிகளில் ஒன்றான குளுவினோ என்ற துகள் இருந்தால், அது புரோட்டானைவிட 2000 மடங்குக்கும் மேல் கனமாக இருக்க வேண்டும் என்றேன்.

"சரி, அதுக்கு மேல பாருங்க," என்றவர், போனை அம்மாவிடம் கொடுத்தார்.